சனம் என்ன சொல்லுது, மிஸ்?

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த கருத்துக் கணிப்புக் கம்பனியில் எனக்குக் கீழே வந்து சேர்ந்தவள் அவள். இப்போது கள வேலை முழுவதும் அவள் பொறுப்பில். இனி ஆட்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேள்வி கேட்கப் போவது இயந்திரமாம். சிங்களத்துக்குக் குரல் கிடைத்துவிட்டது, தமிழுக்கு என் குரல் வேண்டும் என்றாள்.

"உங்கட குரலில ஒண்டுமே தெரியாது அன்ரி. சந்தோஷமோ கோபமோ ஒண்டும் பிடிபடாது. அதுதான் எங்களுக்கு வேணும்."

போனேன். கண்ணாடி அறைக்குள் இருந்து இரண்டு மணித்தியாலம் வாசித்துக் கொடுத்தேன். தேநீர் நேரத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சுற்றி இருந்து, இத்தனை வருடத்தில் ஆகக் கஷ்டமான நேர்காணல் எது என்று கேட்டார்கள். முகத்துவாரத்தில் ஒரு வீட்டில் நாய் துரத்தி, மதில் ஏறிய கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. சவர்க்காரம், பால்மா, தேயிலை, பற்பசை என்று எதை யார் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்பதுதான் தொழில். தமிழ் வீடுகள் எனக்கு. வெள்ளவத்தை ஒழுங்கைகளும், கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளும் அப்படித்தான் எனக்குப் பாடமாயின. மாடிப்படி ஏறி ஏறி முதல் இரண்டு வருடத்தில் நான்கு சோடிச் செருப்பு தேய்ந்தது. அந்தக் காலத்தைப் பற்றி வேறு பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

சொல்ல வேண்டியது நிஹாரா மிஸ்ஸைப் பற்றி. எங்கள் மேற்பார்வையாளர். கொம்பனித்தெரு முஸ்லிம் பெண். மெலிந்த உருவம், தலையைச் சுற்றி எப்போதும் வெளிர்நிறத் துணி. நாங்கள் நிரப்பிக் கொண்டுவரும் வினாக்கொத்துகளை ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பார். பிறகு ஒலிப்பதிவுகள் வந்தபோது, ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழை கண்டால் எங்களைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் திருப்பிப் போடுவார்.

"இதிலே யார்ட கருத்து ஈக்கி? செல்லுங்கோ."

அவ்வளவுதான் ஏச்சு. சேர்ந்த புதிதில், ஒரு அம்மா பால்மாவைப் பற்றிப் பதில் சொன்னதும் நான் "நல்லது" என்று சொல்லிவிட்டேன் என்பதைப் பேச்சோடு பேச்சாக அவரிடம் உளறினேன். பதினெட்டுப் பக்க வினாக்கொத்தை இரண்டாக மடித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார். "நீங்க நல்லதுண்டு செல்லியாச்சு. அதுக்குப் பொறகு அந்தம்மா உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் பதில் செல்லீப்பாங்க. வேற வூட்டுக்குப் போங்க" என்றார்.

அவருடைய விதிகள் இவைதான். கேள்வியை எழுதியிருப்பது போலவே வாசி. ஒரு சொல்லும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆள் தயங்கினால் காத்திரு. உன் கருத்தைக் கேட்டால், "உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள்" என்ற ஒரே வசனத்தைத் தவிர வாய் திறக்காதே. கடைசியில் வரும் "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா" என்ற கேள்விக்கு ஆள் சொல்வதை, இலக்கணப் பிழை உட்பட அப்படியே எழுது. மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஒருவருக்கும் ஒருபோதும் சொல்லாதே.

கடைசி விதிக்கு அவர் காரணம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பதில்களை அரசியல்வாதிகளுக்குக் காசுக்கு விற்றுவிடுவோம் என்ற பயத்தில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

சண்டை நடந்த வருடங்களில் நாட்டு நிலைமை பற்றியும் கேட்கச் சொன்னார்கள். வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு தமிழரைப் பொலிஸ் பதிவு செய்துகொண்டிருந்த நேரம். ஒரு ஒழுங்கை முழுவதும் கேட்டு வந்தேன். பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றி உங்கள் கருத்து என்ன? மிகவும் திருப்தி. மிகவும் திருப்தி. கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே சொன்னார்கள். நிஹாரா மிஸ் அந்த வினாக்கொத்துக் கட்டை முதலிலிருந்து கடைசி மட்டும் புரட்டிப் பார்த்தார். பிறகு, "பயத்துக்கு நம்மள்ட்ட கோட் நம்பர் இல்லியே" என்றார். ஒவ்வொரு பதிலையும் ஒரு இலக்கமாக்கித்தான் அனுப்புவோம். அந்தக் கட்டு அப்படியே மேலே போனது.

கொரோனா வந்தபோது எனக்கு ஓய்வு பெற ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. ஊரடங்குச் சட்டம் போட்டு ஊரே அடைந்து கிடந்தது. கம்பனி எங்களுக்கு ஆளுக்கொரு கணினியும் ஹெட்போனும் பட்டியலும் கொடுத்து, வீட்டிலிருந்து தொலைபேசி எடுக்கச் சொன்னது. கணிப்பின் விஷயம் ஒன்றுதான்: நோய் பரவாமல் தடுக்க வியாபார நிலையங்களை மூடுவதை மக்கள் ஆதரிக்கிறார்களா? ஒரே ஆட்களை மூன்று தடவை, சில மாத இடைவெளியில் கேட்க வேண்டும். பட்டியலில் பாதி சாதாரணச் சனம், பாதி சிறு வியாபாரிகள்.

வெள்ளவத்தையில் என் அறையின் ஜன்னலை மூடிவிட்டு, காலை ஒன்பது மணிக்குத் தொடங்குவேன். தெருவில் ஒரு வாகனம் இராது. கடல் சத்தம் ஒலிப்பதிவில் விழுகிறது என்று நிஹாரா மிஸ் சொன்னதால்தான் ஜன்னலை மூடினேன். முன்பெல்லாம் அந்தச் சத்தம் இரவில்கூட என் அறைக்கு வந்ததில்லை.

சனம் மூடச் சொன்னது. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "எல்லாத்தையும் மூடட்டும். ரெண்டு மாதம் வீட்டில இருந்தா ஆரும் சாகமாட்டினம்" என்றார். அவருக்குப் பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ரீச்சர் சாப்பாட்டுக் கடைகளை முதலில் மூட வேண்டும் என்றார். சமைக்கிறவனுக்கு இருமல் இருக்கா என்று ஆருக்குத் தெரியும் என்று கேட்டார். புடவைக் கடைக்காரர் ஒருவர் எல்லாக் கடைகளையும் மூடுவதை முழுமையாக ஆதரித்தார். உங்கள் கடையையும் மூடுவதை ஆதரிக்கிறீர்களா என்ற அடுத்த கேள்விக்கு, தன்னுடையதில் சனம் நெருங்கி நிற்பதில்லை என்றார். கொம்பனித்தெருவில் தையல்கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர் மட்டும் கொஞ்சம் சிரித்தார். "எங்கட கடைக்கு ஆள் வராம வெக்கிறதுக்கு நோய் தேவல்ல மிஸ். அது போன வருஷம் சேர்ச்சில குண்டு வெடிச்சோடனேயே நடந்திச்சு" என்றார். அதை அப்படியே எழுதினேன்.

அல்போன்ஸ் எனக்கு வந்தது அந்தப் பட்டியலில்தான். கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடை. நான்கு மேசை. பகல் சோற்றுப் பார்சல்தான் முக்கிய வியாபாரம். துறைமுகத்துக் கிளார்க்மாரும் கன்டெய்னர் லொறிச் சாரதிகளும் வாடிக்கையாளர்கள். அவரும் மனைவி ரீட்டாவும் பதினொரு வருடமாக நடத்தி வந்தார்கள்.

இவ்வளவு சந்தோஷமாக என் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஆள் வேறு இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் "நல்ல கேள்வி மிஸ்" என்பார். கடைகளை மூடுவதை ஆதரிக்கிறீர்களா என்றதற்கு, முழுமையாக ஆதரிக்கிறேன் என்றார். கேள்வியோடு வாசிக்க வேண்டிய ஐந்து தெரிவுப் பதில்களையும் முடிக்கக்கூட விடவில்லை. கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லி நான் எழுதியது இன்றும் எனக்கு மனப்பாடம்.

"நான் அரசாங்கம் சொல்ல முதலே மூடிட்டேன் மிஸ். என்ட சோத்தைத் தின்டு ஒரு மனுசன் செத்தான் என்டு வரக் கூடாது. சோறு குடுக்கிற கை இது."

இரண்டாவது சுற்று வந்தபோது நோயும் இரண்டாவது தடவையாகப் பரவியிருந்தது. இந்த முறை வடகொழும்பை மட்டும் பூட்டினார்கள். வெள்ளவத்தையில் நாங்கள் கடைக்குப் போய் வந்தோம். கொட்டாஞ்சேனையில் தெருமுனைகளில் தடுப்புப் போட்டு, ஆள் வெளியே வர முடியாமல் வைத்திருந்தார்கள்.

அல்போன்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். குரலில் அந்தப் பழைய துள்ளல் இல்லை. ஆனாலும் மரியாதை குறையவில்லை. "கேளுங்க மிஸ்" என்றார். மூடுவதை ஆதரிக்கிறீர்களா? முழுமையாக ஆதரிக்கிறேன். இந்தத் தடவை ஐந்து பதில்களையும் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

பதினான்காவது கேள்வியை நான் வாசிக்கத் தொடங்கும்போது இடைமறித்தார்.

"மிஸ், நான் ஒன்டு கேக்கலாமா?"

"கேளுங்கோ."

"கட எங்கட சொந்தம் இல்ல. வாடகைக் கட. இந்த மாசத்தோட அக்ரிமென்ட் முடியுது. தொடர்ந்து எடுக்கிறதா, சாவியத் தாறதா என்டு மாசம் முடிய முதல் சொல்லச் சொல்லிட்டார் கடச் சொந்தக்காரர். அவர் நல்ல மனுசன், அவரையும் குத்தம் சொல்ல ஏலாது. எடுத்தா இருக்கிறதெல்லாம் போட்டு எடுக்க வேணும். நீங்க எத்தினயோ பேரோட கதைக்கிறீங்க. சனம் என்ன சொல்லுது, மிஸ்? தொறந்தா வருவாங்களா?"

நான் அந்த ஒரே வசனத்தைச் சொன்னேன். "உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள்."

"அது கேள்விக்குச் சொல்றது மிஸ். நான் கேக்கிறது எனக்கு."

நான் திரையைப் பார்த்தபடி காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். காத்திருப்பது என் தொழில். ஆனால் அன்று எனக்கு அது முடியவில்லை.

"நீங்க சொல்லக் கூடாது என்டு தெரியும்" என்றார். "ஆனா எனக்கு வேற யார்ட்ட கேக்க ஏலும்? கதவத் தொறந்தா பக்கத்து வீட்டு மனுசன் பின்னுக்குப் போறார். டீவில ஒராள் ஒன்டு சொல்றார், மத்தாள் வேற சொல்றார். எந்தப் பக்கமும் சாயாம உண்மையைச் சொல்லக்கூடிய ஆள் நீங்க மட்டும்தான்."

பதினான்காவது கேள்வி இதுதான்: சாப்பாட்டுக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டால் அங்கே உணவு வாங்குவீர்களா? அன்று காலையிலிருந்து நான் பேசிய ஆட்களின் பதில்கள் எனக்கு முன்னால் திரையில் இருந்தன. இல்லை. இல்லை. நிச்சயமாக இல்லை. முந்தின நாளும் அப்படித்தான். கொட்டாஞ்சேனைப் பக்கத்திலேயே ஒரு பெண், "இனி என்ட சீவியத்துக்கும் வெளிச் சாப்பாடு வீட்டுக்குள்ள வராது" என்று சொல்லியிருந்தார்.

இருக்கிறதையெல்லாம் போட்டு அந்த மனிதன் கடையைத் திறந்து, அடுப்பை மூட்டிவிட்டு, ஆளில்லாத தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

"நான் கதைச்ச ஆக்களில ஒருத்தரும் வெளியில சாப்பாடு வாங்கிறதெண்டு சொல்லயில்லை" என்றேன். "கனகாலத்துக்கு வரமாட்டம் எண்டுதான் சொல்லுகினம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அப்ப விடத்தான் வேணும்" என்றார். பிறகு, "பெரிய உபகாரம் மிஸ். கேளுங்க அடுத்த கேள்விய" என்றார்.

நான் பதினான்காவது கேள்வியை வாசித்தேன். பிறகு பதினைந்தாவதை வாசித்தேன். என் குரலில் ஒன்றும் தெரிந்திருக்காது. அன்று சாயங்காலம் ஒரு நல்ல காரியம் செய்தவள் போல எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. இதை எழுதத்தான் எனக்கு ஆகக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் நிஹாரா மிஸ் தொலைபேசி எடுத்தார். பதிவைப் போட்டுக் காட்டவில்லை. யாருடைய கருத்து என்றும் கேட்கவில்லை.

"அந்தச் சாப்பாட்டுக் கடை இன்டர்வியூவைக் கேட்டேன்" என்றார். "அதைக் கழிச்சிட்டேன். மொதல் சுத்தையும் சேத்துத்தான். மூணாஞ் சுத்துக்கு அவருக்கு எடுக்க வேணாம்."

"முதல் சுற்று சுத்தமா இருந்ததே மிஸ். அவர் சொன்னதெல்லாம் அவற்ற சொல்லுத்தானே."

"ஒரே ஆள்ட மூணு சுத்தும் சுத்தமா இருந்தாத்தான் எண்ணலாம். உங்களுக்குத் தெரியும்."

தெரியும். "மேலுக்கு நான் செல்லல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அப்படி அல்போன்ஸ் கணிப்பிலிருந்து இல்லாமல் போனார். அரசாங்கம் சொல்வதற்கு முதலே கடையை மூடிய மனிதன், தன் வாயால் இரண்டு தடவை முழுமையாக ஆதரித்த மனிதன். மூன்று சுற்றும் முடிந்தபின் அறிக்கை வெளியானது. மக்களில் பெரும்பாலானோர் மூடலை ஆதரிப்பதாகப் பத்திரிகைகளும் எழுதின. வங்கி அதிகாரி அதற்குள் இருந்தார். புடவைக் கடைக்காரரும் இருந்தார்.

அதற்கெல்லாம் முன்னரே, அல்போன்ஸோடு பேசிய சில கிழமைகளில், கொட்டாஞ்சேனையைத் திறந்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு மாதம் பொறுத்துத்தான் எனக்கு அங்கே போகத் தைரியம் வந்தது. பேட்டி கொடுத்தவரைத் தேடிப் போவதும் விதிக்கு மாறானது. நான் அவரைத் தேடிப் போகவில்லை, கடையைப் பார்க்கத்தான் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரும்புக் கடைகள் வரிசைக்கு எதிரே, பேக்கரிக்குப் பக்கத்தில் என்று அவர் சொல்லியிருந்தார்.

மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். கடையைக் கண்டுபிடிப்பதற்கு முன் வரிசையைத்தான் கண்டேன். தரையில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அதற்கு மேல் மிதித்துக்கொண்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, தெருமுனை மட்டும் சனம் நின்றது. புதுப் பெயர்ப்பலகை. உள்ளே இரண்டு பேர் வாழையிலைத் துண்டு வைத்துச் சோறு கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நானும் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி நின்ற பெண், தன் முறை வந்ததும், "ரெண்டு பார்சல். ஒன்டுக்கு மீன் வேணாம்" என்றார். முப்பத்தொரு வருடம் குரல்களோடு இருந்தவள் நான். தன் சீவியத்துக்கும் வெளிச் சாப்பாடு வீட்டுக்குள் வராது என்று எனக்குச் சொன்ன குரல் அது. சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனாலும் அவர் பார்சலோடு தெருமுனை திரும்பும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் முறை வந்ததும் முதலாளியிடம் அல்போன்ஸைப் பற்றிக் கேட்டேன். இளவயது ஆள். நல்ல மாதிரி.

"அவரா? பாவம், அவசரப்பட்டுட்டார். இன்னும் மூனு கிழம பொறுத்திருந்தா போதும். இப்ப ஒருகொடவத்தைப் பக்கம் கன்டெய்னர் யார்ட் ஒன்டுல காவலுக்கு, வோச்சரா இருக்கார். வீடும் களனிப் பக்கம் மாறிட்டாங்க." பார்சலை நீட்டினார். "அவர்ட வாடிக்கதான் மிஸ் இவ்வளவும். நான் ஒன்டும் புதுசா செய்யல்ல."

அந்தப் பார்சலை நான் சாப்பிடவில்லை. பஸ் நிலையத்தில் இருந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வந்து, நிஹாரா மிஸ்ஸுக்கு எடுத்தேன். கண்டதையெல்லாம் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தும் அழுதேன்.

"அவ்வளவு பேரும் எனக்குப் பொய்யா சொன்னவை, மிஸ்?"

"பொய் செல்லல்ல" என்றார். "நீங்க கேட்ட அண்டைக்கு அவங்களுக்குப் பயம். அவங்கட மனசுல அண்டைக்கு இருந்ததை அப்புடியே செல்லீக்காங்க. வேலைக்குப் போகத் தொடங்கினோடனே பகலைக்குப் பசிக்கும்தானே. அண்டைக்கு நெனச்சதை வெச்சி ஒரு மனுஷன் தன்ட ஹயாத்தை, முழு வாழ்க்கையையே முடிவெடுக்க ஏலாது. அதுக்குத்தான் மத்தவங்க செல்றதைச் செல்லக் கூடாதுண்டு வெச்சீக்கி."

"இத்தனை வருஷமா நீங்கள் இதை எனக்குச் சொல்லயில்லையே."

"நீங்க கேக்கல்லியே."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். ஊர் முழுவதும் கேள்வி கேட்டுத் திரிந்த நான் அவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஓய்வு பெற்றேன். பிரியாவிடையில் மேலதிகாரி, என் நேர்காணல் ஒன்றுகூடக் கழிக்கப்பட்டதில்லை என்று பேசினார். நிஹாரா மிஸ் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு அது இன்னும் மோசமாயிற்று. பகலில் வேலை இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தால் அந்த வரிசை ஞாபகம் வரும். ஒருநாள் திரும்பவும் கொட்டாஞ்சேனைக்குப் போய், அல்போன்ஸுக்கு நேரே எடுக்கத் தைரியம் இல்லாமல், அந்தக் கடை முதலாளியிடம் ரீட்டாவின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினேன். எடுத்தபோது, நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள், "விளங்குது" என்றார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஒழுங்கை முகப்பிலேயே ரீட்டா வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். வெயிலுக்குக் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போக முதல் கதைக்க வேணும்" என்றார். "அவர் உங்களோட எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கதைப்பார். அன்டைக்கு நானும் கேட்டுக்கொன்டு இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"விட வேணாம் என்டுதான் நான் சொன்னேன். ஒரு மாசம் பாப்போம் என்டேன். அந்த மிஸ் ஊர் முழுக்கக் கதைக்கிறவ, அவவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும் என்டு கேட்டார்." குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "கட நல்லா ஓடுதென்டு அவருக்குத் தெரியாது. அவர் அந்த ரோட்டாலயே போறதில்ல. ஆளே இல்லயாம், அந்தப் பொடியனும் விடப் போறானாம் என்டு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். அதுலதான் மனுசன் நித்திர கொள்றார். நீங்க மன்னிப்புக் கேக்க வந்திருந்தா என்ட்ட கேட்டுட்டு வாங்க. உள்ள வந்து கேக்காதீங்க."

ஒழுங்கையில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு முன்னால் நடந்தார்.

ஒற்றை அறை. தகரக் கூரை. அல்போன்ஸை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். குரலை வைத்து நான் நினைத்ததை விடச் சிறிய ஆள். வோச்சர் உடுப்பின் நீலச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். இவ்வளவு தூரம் வந்தீங்களே மிஸ் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன் கையால் பிளேன்டீ ஊற்றித் தந்தார்.

வேலையைப் பற்றிச் சொன்னார். வாசலில் இருந்து கன்டெய்னர் இலக்கங்களை எழுத வேண்டும். லொறிக்காரர்களில் பழைய வாடிக்கையாளர் சிலர் வருவார்கள். அவர்களைக் கண்டால் இலக்கம் எழுதுகிற சாட்டில் கொப்பிக்குள் குனிந்துகொள்வாராம். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு கேட்டார்.

"மிஸ் கொட்டாஞ்சேனப் பக்கம் போறனீங்களா? அந்தப் புதுக் கட எப்பிடியாம்? ஆள் இல்லயென்டு இவ சொல்றா."

ரீட்டா வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"ஒருக்காப் போனனான்" என்றேன். "மத்தியான நேரம். ஆக்கள் ஒருத்தரையும் காணயில்லை."

"பாத்தியா?" என்று மனைவியின் பக்கம் திரும்பினார். "அன்டைக்கு மிஸ் சொல்லாட்டி நாங்களும் அதுக்குள்ள கிடந்து அழிஞ்சிருப்போம்."

ரீட்டா திரும்பவும் வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார்.

திரும்பும்போது வேண்டாம் என்றாலும் கேளாமல் பஸ் நிற்கும் இடம் மட்டும் கூட வந்தார். என் கைப்பையையும் அவர்தான் வைத்திருந்தார். அந்தக் கணிப்பு என்னவாயிற்று, பெரிய ஆட்கள் அதைப் பார்த்தார்களா என்று வழியில் விசாரித்தார். பார்த்தார்கள், பத்திரிகையிலும் வந்தது என்றேன்.

"என்ட பதிலும் அதுக்குள்ள இருந்திருக்கும், என்ன மிஸ்?"

"ஓம், இருந்தது."

அவருக்கு அது போதுமாக இருந்தது. தெருவில் இறங்கிக் கையை நீட்டி எனக்காக பஸ்ஸை மறித்தார். "மிஸ்ட சீட் எகக் தென்ன மல்லி" என்று நடத்துனரிடம் சிங்களத்தில் எனக்கு ஒரு இருக்கை கேட்டார். பையைத் தந்துவிட்டு, பஸ் எடுக்கும் மட்டும் ஜன்னலோரம் நின்றார்.

"திரும்ப ஏதாவது கேக்கிறதென்டா எனக்கும் எடுக்கச் சொல்லுங்க மிஸ்" என்றார். "அதே நம்பர்தான். மாத்தல்ல."